வீட்டிலேயே டயாலிசிஸ்: சிஏபிடி பை மாற்றும் முறை

டயாலிசிஸ் என்றாலே வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரி படுக்கைதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வயிற்று வழி டயாலிசிஸான சிஏபிடியில் அது தேவையில்லை. சிறுநீரகத்துக்குப் பதிலாக வயிற்றுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வே ரத்தத்தின் வடிகட்டியாக வேலை செய்கிறது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியே பையிலிருந்து 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, 4 முதல் 6 மணி நேரம் (இரவில் இன்னும் கூடுதலாக) வைத்திருந்து, வடித்துவிட்டுப் புதிதாக விட வேண்டும். பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை. காலை 6, மதியம் 12, மாலை 6, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் இடைப்பட்ட நேரமெல்லாம் உங்களுடையது.

ஒரு முறை மாற்ற 30 முதல் 40 நிமிடம் ஆகும். அதில் குழாயின் முனை திறந்திருப்பது சில நொடிகள்தான். கிருமி உள்ளே போக முக்கிய வழி அந்த நொடிகள். கீழே சொல்லும் ஒழுங்கு எல்லாம் அவற்றைக் காப்பதற்காகவே.

தயார் செய்தல்

பையை உலர் சூட்டில், அதற்கென உள்ள ஹீட்டிங் பேகில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். வெந்நீரில் அமிழ்த்தாதீர்கள், ஈரத்தோடு கிருமியும் இணைப்புப் பக்கம் வரும். மைக்ரோவேவ் ஓரிடத்தில் கொதிக்கவும் ஓரிடத்தில் குளிரவும் விடும், வயிற்றுக்குள் சுட்டுவிடும்.

கதவு, ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை நிறுத்துங்கள். வெயில் காலத்தில் இது கஷ்டம்தான், ஆனால் இணைக்கும்போதும் கழற்றும்போதும் மட்டும் போதும். நெற்றி வியர்வையை முன்பே துடைத்துவிடுங்கள். மேசையைத் துடைத்து, பை, புது மினிகேப் (குழாய் முனையை மூடும் சிறு மூடி), இரண்டு கிளாம்ப் (குழாயை அழுத்தி மூடும் கவ்வி), மாஸ்க் ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

மேலுறையைப் பிரித்து பையைப் பாருங்கள்: காலாவதித் தேதி, டெக்ஸ்ட்ரோஸ் எனும் சர்க்கரையின் அளவு (1.5%, 2.5% அல்லது 4.25%), திரவத்தின் தெளிவு. அழுத்திப் பார்த்துக் கசிகிறதா என்று சோதியுங்கள். உறைக்குள் இரண்டொரு நீர்த்துளி இருப்பது இயல்பு.

மாற்றும் படிகள்

1. டிரான்ஸ்ஃபர் செட்டின் (வயிற்றுக் குழாயோடு எப்போதும் இணைந்திருக்கும் வெளிக்குழாய்) திருகு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மாஸ்க் போட்டு, கையைச் சோப்பால் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியிலோ டிஷ்யூவிலோ ஈரம் போகத் துடையுங்கள். ஈரக்கை வேண்டாம்.

2. பைக் குழாயின் வளையத்தை இழுங்கள், பழைய மினிகேப்பைக் கழற்றுங்கள், முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து உடனே இணையுங்கள். பேசாதீர்கள், இருமாதீர்கள்.

3. புதுப் பையை ஸ்டாண்டில் மாட்டி, அதன் குழாயைக் கிளாம்ப் போட்டு மூடுங்கள். அதோடு இணைந்து வரும் காலிப் பையைத் தரையில் சுத்தமான தட்டில் வையுங்கள். திருகைத் திறந்தால் வடியும். 15 முதல் 20 நிமிடம். முடிந்ததும் திருகை மூடுங்கள்.

4. புதுப் பையின் அடைப்பு முள்ளை முறித்துக் கிளாம்ப்பை எடுத்து, ஐந்து எண்ணும்வரை திரவத்தைக் காலிப் பைக்கு ஓடவிடுங்கள். குழாயிலுள்ள காற்றும் முனையில் ஒட்டிய கிருமியும் இதில் அடித்துச் செல்லப்படும். இந்தப் படியை விடவே கூடாது. காற்று உள்ளே போனால் தோள்பட்டை வலிக்கும்.

5. வடிகுழாயைக் கிளாம்ப் செய்து திருகைத் திறங்கள். சுமார் 10 நிமிடத்தில் உள்ளே இறங்கிவிடும். திருகை மூடி, இரு குழாய்களையும் கிளாம்ப் செய்யுங்கள்.

6. மறுபடி கை கழுவுங்கள். புது மினிகேப் உள்ளே அயோடின் பஞ்சு ஈரமாக இருக்கிறதா பார்த்து, குழாயைக் கழற்றியதும் மூடுங்கள்.

வடிந்த பையை ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு, காலிப் பையின் எடையைக் கழித்து எழுதுங்கள். 2 லிட்டர் போய் 2.3 வந்தால் 300 மில்லி நீர் வெளியேறியிருக்கிறது. பையை அச்சடித்த தினசரித் தாள் மேல் வையுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும்.

கோளாறுகள்

எழுத்து மங்கினால், திரவம் கலங்கலாக இருந்தால், வயிறு வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ, பெரிடோனைடிஸாக (வயிற்றுச் சவ்வில் கிருமித் தொற்று) இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; அதைச் சோதித்தே மருந்தைத் தீர்மானிப்பார்கள்.

முனை விரலிலோ துணியிலோ பட்டுவிட்டால் திரவத்தை உள்ளே விடாதீர்கள். திருகு மூடியபடியே புது மினிகேப் போட்டு டயாலிசிஸ் நர்ஸை அழையுங்கள். டிரான்ஸ்ஃபர் செட்டை மாற்ற வேண்டியிருக்கும்.

வடிதல் மெதுவாகிவிட்டால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, கிளாம்ப் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த சந்தேகம் மலச்சிக்கல். நிறைந்த குடல் உள்ளிருக்கும் குழாயை நகர்த்திவிடும். அதனால் மலம் இலகுவாகப் போவது இந்த சிகிச்சையின் ஒரு பாகம். வடிந்த திரவத்தில் வெள்ளை நூல் போல மிதப்பது ஃபைப்ரின் என்ற புரத இழை. அது குழாயை அடைக்கும் என்பதால் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் நாள்

குழாய் வைத்த முதல் சில வாரங்கள் குடம், அரிசி மூட்டை தூக்காதீர்கள், குடலிறக்கம் வரும். புண் ஆறி மருத்துவர் ஒப்புதல் தந்தபின் நடை, சைக்கிள், வேலை எல்லாம் செய்யலாம். கடின உடற்பயிற்சி வயிற்றில் திரவம் இல்லாதபோது சௌகரியம். குளம், ஆறு, கிணற்றுக் குளியல் வேண்டாம்.

ஒவ்வொரு வடிப்பிலும் புரதம் போகிறது. ஆகவே முட்டை வெள்ளை, மீன், கோழி, பருப்பு ஆகியவற்றின் அளவை டயட்டீஷியனிடம் நிர்ணயித்துக்கொள்ளுங்கள். திரவத்திலுள்ள சர்க்கரை ரத்தத்தில் சேருவதால், நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்சுலின் கூடலாம்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. வெளியூர் போனால் நாள் கணக்கைவிட இரண்டு நாளுக்கான பையும், கைப்பையில் நாலைந்து மினிகேப்பும் கூடுதலாக வையுங்கள். பெட்டிகளை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள்.