எறும்புக்கு வீட்டு மருந்து: சோதித்துப் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமையல் மேடையில் எறும்பு சாரை சாரையாகப் போவதைக் கண்டதும் மஞ்சள்தூளையோ பெருங்காயத்தையோ தூவுவதும், அரை மணி நேரத்தில் சாரை கலைந்துவிட்டால் மருந்து வேலை செய்கிறது என்று முடிவு கட்டுவதும் நம் வீடுகளில் வழக்கம். இரண்டு நாளில் அதே எறும்புகள் ஜன்னல் ஓரமாக வந்து சேரும்போது, மருந்தின் அளவு போதவில்லை என்று எண்ணி இன்னும் ஒரு கை அள்ளித் தூவுகிறோம். அளவைக் கூட்டுவதற்கு முன், அந்த முடிவுக்கு நாம் வந்த விதம் சரிதானா என்று பார்ப்பது நல்லது.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, ஒரே நேரத்தில் பல காரியங்களைச் செய்துவிட்டுப் பலனை ஒன்றின் கணக்கில் எழுதுவது. வினிகர் தெளிப்பவர் மேடையைத் துணியால் துடைக்கிறார், சிந்திய சர்க்கரையை அள்ளுகிறார், டப்பாவையும் இறுக மூடுகிறார். உணவைக் கண்டு புற்றுக்குத் திரும்பும் எறும்பு தன் வயிற்றின் நுனியால் தரையில் ஒரு வாசனைத் தடம் இட்டுச் செல்கிறது. மற்றவை அந்தத் தடத்தைப் பிடித்துத்தான் வருகின்றன. தடத்தை அழிப்பதற்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியே போதும். ஆகவே வினிகருக்கென்று தனியாக ஏதேனும் வலிமை உண்டா என்று அறிய விரும்பினால், ஒரு சாரையை வினிகராலும் இன்னொரு சாரையை வெறும் சோப்புத் தண்ணீராலும் துடைத்து, இரண்டு இடங்களிலும் எறும்பு திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று ஒப்பிட வேண்டும். வினிகரின் நெடி காய்ந்ததும் போய்விடும் என்பதால், ஈரம் உலர்ந்த பிறகான நிலையையும் பார்ப்பது அவசியம்.

பொடிகளிலும் இதே குழப்பம்தான். மஞ்சள்தூளால் கோடு கிழித்தால், சாரையின் முன்னால் வரும் எறும்பு அதன் விளிம்பில் நின்று, உணர்கொம்புகளால் தொட்டுப் பார்த்து, கோட்டை ஒட்டியே பக்கவாட்டில் நடக்கிறது. இதைப் பார்ப்பவர் மஞ்சளின் குணம் என்று சொல்லிவிடுவார். ஆனால் காலுக்குப் பிடி கொடுக்காத எந்த நுண்ணிய உலர்ந்த பொடியும் எறும்பைச் சற்று நேரம் தயங்க வைக்கும். எனவே ஒரு சொட்டு வெல்லப்பாகைச் சுற்றி மஞ்சள் வளையமும், அதே தொலைவில் இன்னொரு சொட்டைச் சுற்றிக் கல்லைப் பொடித்துச் செய்த கோலப்பொடி வளையமும் இட்டுப் பார்க்க வேண்டும் (அரிசி மாவு எறும்புக்கு உணவாகிவிடும், அது உதவாது). இரண்டு வளையங்களிலும் எறும்பு ஒரே மாதிரி தயங்கினால், தடுப்பது மஞ்சள் அல்ல, பொடி என்று பொருள். மின்விசிறிக் காற்றில் கோடு எங்கேனும் விட்டுப்போனாலோ, ஈரம் பட்டுப் பொடி இறுகிவிட்டாலோ தடுப்பு முடிந்துவிடும்.

ஒரே ஒரு முறை செய்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது இதைவிடப் பெரிய தவறு. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ழான்-லூயி தெனபோர்க்கும் அவருடைய சகாக்களும் அர்ஜென்டைன் எறும்புகளைக் கொண்டு செய்து 1990-இல் வெளியிட்ட சோதனையை இங்கே நினைவுகூர வேண்டும். புற்றுக்கும் மறுபக்கத்துக்கும் இடையே நீளத்திலும் வடிவத்திலும் ஒத்த இரு கிளைகள் கொண்ட ஒரு பாலத்தை அவர்கள் வைத்தார்கள். எறும்புகள் சரிபாதியாகப் பிரியாமல், பெரும்பாலும் ஏதேனும் ஒரு கிளையிலேயே குவிந்தன. தொடக்கத்தில் தற்செயலாகச் சற்று அதிகமாக நடக்கப்பட்ட வழியில் வாசனை கூடி, அது இன்னும் பல எறும்புகளை இழுத்ததே காரணம். எந்த வேறுபாடும் இல்லாத இரண்டு வழிகளில் ஒன்று வெறுமையாகக் கிடக்கக்கூடும் என்றால், கிராம்பு வைத்த பக்கம் ஒருநாள் எறும்பு வராததைக் கொண்டு கிராம்பின் குணத்தை எப்படி முடிவு செய்வது? இடத்தைத் துடைத்துவிட்டு, மருந்தை இடவலம் மாற்றிப் பல முறை வைத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் எறும்பு மருந்தைத் தவிர்த்தால் மட்டுமே அதை ஏற்கலாம்.

அடுத்து, விரட்டுவதையும் ஒழிப்பதையும் ஒன்றாக எண்ணக் கூடாது. நம் கண்ணில் படுபவை இரை தேடி வரும் வேலைக்கார எறும்புகள்; அவை புற்றின் ஒரு பகுதியே. முட்டையிடும் ராணி சுவருக்குள்ளோ தரைக்கல்லின் அடியிலோ இருக்கும்வரை, வெளியே வருபவற்றை எத்தனை கொன்றாலும் ஈடுசெய்யப் புதியவை வந்துகொண்டேயிருக்கும். சுமார் 2 மில்லிமீட்டர் நீளமே உள்ள மஞ்சள் பழுப்பு நிற ஃபாரோ எறும்பின் கூட்டத்தில் பல ராணிகள் உண்டு. கடுமையான விரட்டிகளால் தொந்தரவு செய்தால் அக்கூட்டம் பிரிந்து வெவ்வேறு இடங்களில் குடியேறும்.

மருந்து புற்றுக்குள் போய்ச் சேர வேண்டுமானால் அதை இரையில் கலந்துதான் கொடுக்க வேண்டும். இங்கே நேரும் தவறு, மருந்தை அதிகமாகக் கலப்பது. 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரையும் 1 கிராம் போரிக் அமிலமும், அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு, போதுமானது. கூடினால் எறும்பு தின்ன மறுக்கும், அல்லது புற்றை அடையுமுன்பே சாகும். வளர்ந்த எறும்பு நீர்ம உணவைத்தான் விழுங்க முடியும் என்பதால், உலர்ந்த பொடிக் கலவையைவிடக் கரைசலே மேல். இனிப்பை நாடாமல் எண்ணெயையும் கருவாட்டுத் துணுக்கையும் தேடும் எறும்புகளும் உண்டு. மருந்து கலக்காத வெல்லத்தையும் தேங்காய்த் துண்டையும் முதலில் வைத்து, எதில் மொய்க்கிறது என்று கவனிப்பது வீண் முயற்சியைத் தவிர்க்கும். இரை வைத்த முதல் நாளில் கூட்டம் பெருகும். அதைக் கண்டு பயந்து மருந்து அடிப்பவர்கள் தங்கள் சோதனையைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். பலனை ஓரிரு வாரங்கள் கழித்தே மதிப்பிட வேண்டும். ஐப்பசி மழையில் புற்றில் நீர் புகுந்து வீட்டுக்குள் ஏறிய எறும்பு, மழை விட்டதும் தானே இறங்கிவிடுவதும் உண்டு என்பதை அப்போது மறக்கக் கூடாது.

கடையில் விற்கும் எறும்புச் சாக்பீஸ் இயற்கை மருந்து அல்ல. அதில் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி இருக்கிறது. அதைத் தேய்த்த இடத்தில் வேறு எதைச் சோதித்தாலும் விடை கலப்படமாகவே இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் வெங்காரமும் (போராக்ஸ்), பூஜை அறைச் சூடமும்கூடக் குழந்தை வாயில் போட்டால் ஆபத்தானவை. சூடத்தை விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு வரலாம். ஆகவே தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் எந்தப் பொடியையும் தரையில் தூவவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எலுமிச்சைச் சாறும் வினிகரும் கடப்பா கல்லையும் மார்பிளையும் அரித்துப் பளபளப்பை அழிக்கும், ஏனெனில் இரண்டுமே சுண்ணாம்புச் சத்து மிகுந்த கற்கள்.

உணவு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழைய முறை, சோதனைக்கே தேவையில்லாத அளவுக்கு நம்பகமானது. அதிலும் இரண்டு தவறுகள் நேரலாம். அலமாரி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு சுவர் வழியாக ஏறிவிடும். கிண்ணத்து நீரை மாற்றாமல் விட்டால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது நீரைக் கொட்டி, கிண்ணத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுநீர் ஊற்ற வேண்டும்.