அரசு அலுவலக நேர்மை: கை சுத்தமானவர்களும் செய்யும் தவறுகள்

லஞ்சம் வாங்காதீர்கள், பொய்ப் பட்டியல் போடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. தவறு என்று தெரியாமல் யாரும் அவற்றைச் செய்வதில்லை. ஒரு காசு தொடாத பணியாளர்களே சறுக்கி விழும் இடங்கள் வேறு. ஆண்டுதோறும் தேர்வெழுதி வந்து சேரும் புதியவர்கள், அவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் விழுந்த அதே இடத்தில்தான் விழுகிறார்கள்.

வாய்மொழி உத்தரவைத் தன் பரிந்துரையாக எழுதுவது

மேலதிகாரி கூப்பிட்டு, “அந்த டெண்டருக்கு ஒரு வாரம் டைம் போதும், ஃபைல் போட்டுக் கொண்டு வாங்க” என்கிறார். சீட்டுக்குத் திரும்பும் உதவியாளர் குறிப்பில் எழுதுவது இது: “பணியின் அவசரம் கருதி கால அவகாசத்தைக் குறைக்கலாம் எனப் பணிந்து பரிந்துரைக்கப்படுகிறது.” அதன் கீழே மேலதிகாரியின் சுருக்கொப்பம் மட்டும் விழுகிறது. இனி அந்தக் கோப்பைப் படிக்கும் எவருக்கும், யோசனை கீழிருந்துதான் கிளம்பியது.

1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகள்படி, ஒப்பந்தப்புள்ளி அளிப்பதற்கான குறைந்தபட்சக் காலத்தைக் குறைப்பதென்றால் அதற்குரிய மேல்நிலை அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். எழுத வேண்டியவர் எழுதவில்லை; எழுதத் தேவையில்லாதவர் எழுதிக் கொடுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்துத் தணிக்கைத் தடை வரும்போது சொன்னவர் மாற்றலாகியிருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். விளக்கம் கேட்டு வரும் குறிப்பாணை உதவியாளர் பெயருக்குத்தான் வரும். “சொன்னார்கள், செய்தேன்” என்ற பதில் அங்கே எடுபடாது. தவிர்த்திருக்கக்கூடிய இந்த ஒரு வரியால் நல்ல பணியாளர்களின் பதவி உயர்வு நின்றுபோவதைப் பார்க்கையில் ஆத்திரம்தான் வருகிறது.

இத்தனைக்கும் சட்டம் கீழே இருப்பவர் பக்கம் நிற்கிறது. அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகள், 1968, மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964 ஆகிய இரண்டிலும் 3-ஆம் விதி இதைத்தான் சொல்கிறது: உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், வாயால் சொல்ல நேர்ந்தால் சொன்னவர் உடனே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும், கேட்டவரும் அந்த உறுதியைக் கோரிப் பெற வேண்டும். முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில் 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தி, மாநிலங்களும் இதற்கேற்ற ஆணைகளை வெளியிடப் பணித்தது. வாய்மொழி உத்தரவு பதிவாகாவிட்டால் தகவல் உரிமைச் சட்டமே பயனற்றுப்போகும் என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று.

செய்முறை எளிது. அன்றைக்கே, ஆணை வெளியாகும் முன்பே, நான்கு விவரங்களைக் குறிப்பில் எழுதுங்கள்: சொன்னவரின் பதவி, தேதியும் நேரமும், நேரிலா தொலைபேசியிலா, சொன்னது என்ன. அடுத்த பத்தியில் பொருந்தும் விதியை எண்ணோடு எடுத்துக்காட்டுங்கள். கடைசியில் “வாய்மொழி உத்தரவை உறுதிப்படுத்தி ஆணையிட வேண்டப்படுகிறது” என்று முடியுங்கள். அதில் “பரிந்துரைக்கப்படுகிறது” என்ற சொல் வரவே கூடாது. பெயர், பதவி எதுவுமில்லாமல் “உத்தரவின்படி” என்று மொட்டையாக எழுதுவதாலும் பயனில்லை. சொந்த டைரியிலோ வாட்ஸ்அப்பிலோ வைத்திருப்பது போதாது. கைப்பேசி மாறும், கோப்பு இருக்கும். செய்தியாக வந்த உத்தரவை அச்செடுத்துக் கோப்பில் சேருங்கள்.

அதிகாரி கோபித்துக்கொள்வாரே என்ற பயம் நியாயமானது. ஆனால் பணிவாக எழுதிய குறிப்பைப் பார்த்ததும் உத்தரவு தானாகக் கைவிடப்படுவதும் உண்டு.

உறவினர் கோப்பைப் பக்கத்து மேசைக்குத் தள்ளுவது

ஒதுங்கிக்கொண்டோம் என்று நினைப்பார்கள். பதிவு இல்லாததால் அது ஒதுங்கியதாகாது. பக்கத்து மேசைக்காரருக்கும் அது யார் வீட்டுக் கோப்பு என்று தெரியும். மத்திய விதிகளில் 4-ஆம் விதி வழி சொல்கிறது: குடும்பத்தினர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் விவகாரம் என்றால் அதை மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும், அவர் அறிவுறுத்தல்படியே முடிக்க வேண்டும். உறவு என்ன என்பதை ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள்.

தகவல் உரிமை மனுவுக்குக் கோப்பு உள்ள பிரிவு பதில் தரும் வரை காத்திருப்பது

30 நாள் கெடு பொதுத் தகவல் அலுவலருக்குத்தான் ஓடுகிறது. தக்க காரணமின்றித் தவறினால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. மனு வந்தவுடனேயே தகவல் உரிமைச் சட்டத்தின் 5(4) பிரிவைக் குறிப்பிட்டு, கோப்பை வைத்திருப்பவரிடம் எழுத்தில் உதவி கேளுங்கள். அதன்பின் 5(5)-இன்படி அவரும் தகவல் அலுவலராகவே கருதப்படுவார். அபராதப் பொறுப்பு அவர் பக்கமும் போகும். வாயால் கேட்டிருந்தால் இதை நிரூபிக்க வழியில்லை.

தீபாவளிப் பெட்டி

திருப்பி அனுப்புங்கள்; அனுப்பியதைக் கடிதமாகப் பதிவு செய்யுங்கள்.

மனுக்கள் வந்த வரிசையை மாற்றுவது

காரணம் எழுத முடியாவிட்டால் மாற்றாதீர்கள்.

முன்தேதியிடுவது

கூடவே கூடாது. விட்டுப்போன குறிப்பை இன்றைய தேதியிட்டு, தாமதத்தின் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.