கண் பார்க்கும் பக்கம் திரும்பும் குட்டி வண்டி

கைகால் அசைக்க முடியாத பலருக்கும் கண் நன்றாகவே அசையும், அதனால்தான் கண் அசைவில் ஓடும் இந்தக் குட்டி வண்டியை ஒரு விளையாட்டுப் பொருளாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

லேப்டாப் கேமரா, ஆர்டுயினோ ஊனோ (வண்டியின் மூளையாகும் சிறு கணினிப் பலகை), எல்298என் மோட்டார் டிரைவர் (ஆர்டுயினோ சொல்கிறபடி மோட்டாரை ஓட்டும் பலகை), எச்சி-05 (HC-05) ப்ளூடூத், கியர் மோட்டார் இரண்டு, ரீசார்ஜ் செய்யும் 18650 பேட்டரி இரண்டு இருந்தால் போதும். வயரிங் எளிதுதான். ஆனால் எச்சி-05-இன் ஆர்எக்ஸ் (தகவல் வாங்கும்) பின்னுக்கு 3.3 வோல்ட்தான் போக வேண்டும், 1கே, 2கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் வைத்து ஆர்டுயினோவின் 5 வோல்ட்டைக் குறைத்துவிடுங்கள்.

சரி, இனி கண். பைத்தான் நிரல்மொழியில் மீடியாபைப் என்ற மென்பொருள் நூலகம் முகத்தில் எண்ணிட்ட 478 புள்ளிகள் தரும், கருவிழியும் அதில் சேர்த்தி. 468 என்ற எண்ணுள்ள புள்ளி ஒரு கண்ணின் கருவிழி நடு, 33-ம் 133-ம் அதே கண்ணின் இரு ஓரங்கள். 33-இலிருந்து 468 வரை உள்ள தூரத்தைக் கண்ணின் அகலத்தால் வகுத்தால், நேராகப் பார்க்கும்போது 0.5-ஐ ஒட்டி வரும், பக்கவாட்டில் பார்த்தால் ஏறும் அல்லது இறங்கும். எந்த எண்ணைத் தாண்டினால் இடம், எதைத் தாண்டினால் வலம் என்ற எல்லை எண்களை ஆளுக்கு ஆள் அளந்து வையுங்கள், ஒருவருடையது இன்னொருவருக்குப் பொருந்தாது. படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பினால் இடம் வலம் மாறிவிடும்.

திசைக்கு ஓர் எழுத்தாக ப்ளூடூத்தில் அனுப்புங்கள். இயல்பாக இமைப்பதற்கெல்லாம் வண்டி நிற்கக்கூடாது, ஒரு நொடி கண்ணை மூடினால் மட்டும் நிற்கட்டும். அப்புறம் முக்கியமானது: 500 மில்லிநொடி எழுத்து எதுவும் வரவில்லையென்றால் ஆர்டுயினோ தானாகவே மோட்டாரை நிறுத்த வேண்டும். நிரலில் இதை எழுதி முடிக்காமல் சக்கரத்தைத் தரையில் வைக்காதீர்கள்.