செல் பிரியும்போது நூலை இழுப்பது யார்? வரைந்து பார்ப்போம்

செல் பிரிதல் படங்களில் குரோமோசோம்கள் இருக்கும், நூல்கள் இருக்கும். அந்த நூல்கள்மேல் நடந்து, இழுத்தும் தள்ளியும் வேலை செய்யும் மோட்டார் புரதங்களை மட்டும் பெரும்பாலும் காட்ட மாட்டார்கள். ஒரு மனித செல்லை வரைந்து, அவற்றை நாமே அதில் வைப்போம். ஒரு தாளும் இரண்டு பென்சில்களும் போதும்.

படி 1: குறி போடுங்கள்

பெரிய நீள்வட்டம் ஒன்று வரைந்து, உள்ளே நடுவில் ஒரு குரோமோசோமும், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரு புள்ளியும் வையுங்கள். இந்தப் புள்ளிகள் துருவங்கள்; நூல்கள் கிளம்பும் மையங்களான சென்ட்ரோசோம்கள் இருக்குமிடம். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நடுவிலுள்ள குரோமோசோமுக்குச் சில கோடுகள், எதிர்த்துருவக் கோடுகளை உரசிக்கொண்டு போகச் சில, செல்லின் விளிம்புக்குச் சில. இந்தக் கோடுகள்தான் அந்த நூல்கள்; பெயர் நுண்குழல்கள். அசலில் ஒன்றின் தடிமன் 25 நானோமீட்டர்தான்.

துருவத்தில் இருக்கும் முனைக்கு '−', மறுமுனைக்கு '+' போடுங்கள். இதைப் போடாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். நாம் வைக்கப்போகும் மோட்டார் புரதங்கள் கைனசின், டைனீன் என இரண்டு வகை. கைனசின்களில் பெரும்பாலானவை + பக்கம் நடக்கும், டைனீன் − பக்கம் நடக்கும். எது எங்கே போய்ச் சேரும் என்பதில் பாதி இதிலேயே தெரிந்துவிடும்.

படி 2: நடுவில் கைனசின்-5

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். நடுவே நின்று + பக்கம் நடக்கும் புரதம், துருவங்களை எப்படி விலக்கும்?

பென்சில்களை எடுங்கள். சீவிய முனை +. ஒன்று வலம் பார்த்து, மற்றது இடம் பார்த்து, முனைகள் இரண்டு விரற்கடை ஒன்றையொன்று தாண்டும்படி பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கைனசின்-5க்கு இரண்டு பக்கமும் கால்கள் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பென்சிலிலும் நடக்கும். நாம் நடக்கும்போது பாதம் தரையைப் பின்னால் தள்ளுகிறது. தரை அசையாததால் நாம் முன்னே போகிறோம். இங்கே தரையே அசையக்கூடியது. அதனால் ஒவ்வொரு பென்சிலும் தன் மழுங்கிய பக்கமாகச் சறுக்கும், துருவங்கள் விலகும்.

1999இல் வெளியான மோனாஸ்ட்ரோல் என்ற மருந்துப்பொருள் இந்த ஒரு புரதத்தை முடக்குகிறது. அப்போது துருவங்கள் பிரியாமல் ஒட்டியே நிற்க, குரோமோசோம்கள் அவற்றைச் சுற்றிப் பூவிதழ்போல வட்டமிடும். நான் பார்த்த நுண்ணோக்கிப் படங்களிலேயே என்னை அதிகம் உலுக்கியது அதுதான்.

படி 3: விளிம்பில் டைனீன்

விளிம்பைத் தொடும் கோடுகளின் நுனியில் டைனீனை வரையுங்கள். நூமா என்ற புரதம் அதை விளிம்போடு பிணைத்து வைக்கிறது. கிணற்றில் நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: கைகள் கயிற்றில் வாளிப் பக்கமாக மாறிமாறிப் போகின்றன, ஆள் நகர்வதில்லை, வாளி மேலே வருகிறது. டைனீனும் − முனையை நோக்கி நடக்க முயல்கிறது. கட்டப்பட்டிருப்பதால் துருவம் அதனிடம் வருகிறது.

படி 4: குரோமோசோமின் பிடியில்

குரோமோசோமில் நுண்குழல் வந்து பிடிக்கும் இடம் கைனெடோகோர். அதில் டைனீன், கைனசின் இரண்டையும் வரையுங்கள். டைனீன் முதலில் துருவப் பக்கம் இழுத்துவரும். சென்ப்-ஈ என்ற கைனசின் பிறகு நடுவுக்குச் சுமந்து போகும். பிரியும் கட்டத்தில் குரோமோசோமை நகர்த்துவதில் நுண்குழல் தேய்ந்து குறுகுவதற்கே பெரும் பங்கு.

இதே படத்தை வெங்காய வேர்நுனிக்கு வரைவதாக இருந்தால், சென்ட்ரோசோமையும் டைனீனையும் அழித்துவிடுங்கள். பூக்கும் தாவரங்களில் இரண்டுமே இல்லை. அங்கே − பக்கம் நடப்பது கைனசின்-14.