பழைய கணினி விளையாட்டுகளில் ஒலி வரவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய விளையாட்டு ஒன்றைப் புதிய கணினியில் நிறுவி, படம் தெளிவாக வந்து, ஒலி மட்டும் வராமல் போனால், பெரும்பாலோர் முதலில் ஒலி டிரைவரை (ஒலி வன்பொருளை இயக்கும் மென்பொருளை) அழித்துவிட்டு மறுபடியும் நிறுவுகிறார்கள். அதே கணினியில் பாட்டும் காணொளியும் பழுதின்றி ஒலிக்கின்றன என்றால் டிரைவரின் மேல் பழி போடுவதில் பொருளில்லை. அந்த விளையாட்டு வேறொரு காலத்து ஒலி அட்டையைத் தேடுகிறது, அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன், வராமல் போனது எந்த ஒலி என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னணி இசையா, துப்பாக்கிச் சத்தம் போன்ற விளைவொலிகளா, பேச்சா, எல்லாமேயா? இவை வெவ்வேறு வழிகளில் வந்தவை என்பதால், ஒரு வழி அடைபட்டாலும் மற்றது இயங்கிக்கொண்டிருக்கும்.

விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்து விளையாட்டுகளில் இதைத் தெளிவாகக் காணலாம். 64 பிட் விண்டோஸ் அவற்றை நேரடியாக இயக்காது என்பதால் டாஸ்பாக்ஸ் போன்ற, பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருள் (எமுலேட்டர்) தேவைப்படுகிறது. அதை நிறுவியவர்கள் செய்யும் தவறு, விளையாட்டுடன் வரும் செட்டப் நிரலைத் திறந்துகூடப் பார்க்காமல் நேரே ஆட்டத்துக்குள் போய்விடுவது. டாஸில் எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான ஒலி டிரைவர் என்று ஒன்று இருந்ததில்லை; எந்த அட்டை, எந்த முகவரி என்பதை ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே சொல்ல வேண்டியிருந்தது. 1993-இல் வந்த டூமின் செட்டப்பைத் திறந்தால், இசைக்கு ஒரு அட்டையும் விளைவொலிக்கு ஒரு அட்டையும் தனித்தனியாகக் கேட்கப்படும். ஒன்றைத் தேர்ந்துவிட்டு மற்றதை ‘இல்லை’ என்றே விட்டுவிட்டால் பாதி ஒலிதான் கிடைக்கும்.

அங்கேயே காத்திருக்கும் அடுத்த சிக்கல், ஐஆர்க்யூ எண், அதாவது அட்டை கணினியைக் கூப்பிடும் தடத்தின் எண். சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டைக்கு விளையாட்டு 220 என்ற முகவரியில் கட்டளை அனுப்பும். நினைவகத்திலிருந்து செயலியைத் தொடாமல் நேரே செல்லும் டிஎம்ஏ வழியாக ஒலித்தரவு போகும். ஒரு துண்டு ஒலித்து முடிந்ததும் ‘அடுத்ததைக் கொடு’ என்று அட்டை ஐஆர்க்யூ வழியாகக் கூப்பிடும். டாஸ்பாக்ஸ் வழக்கமாக வைத்திருக்கும் எண் 7. பல செட்டப் நிரல்களோ 5 என்று ஊகித்துக்கொள்ளும், ஏனெனில் சவுண்ட் பிளாஸ்டர் 16 அட்டைகள் அந்த எண்ணோடுதான் வந்தன. எண் பொருந்தாவிட்டால் அட்டை கூப்பிடுவது விளையாட்டின் காதில் விழாது. முதல் அரை நொடி ஒலி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும், அல்லது ஒருமுறை ஒலித்துவிட்டு மௌனமாகிவிடும். சில விளையாட்டுகள் அப்படியே உறைந்துபோகும். அட்டையின் சில்லே உருவாக்கும் ஆட்லிப் வகை இசைக்கு ஐஆர்க்யூவும் வேண்டாம், டிஎம்ஏவும் வேண்டாம். எனவே இசை நன்றாக வந்து விளைவொலி மட்டும் வரவில்லை என்றால், முதலில் செட்டப்பில் உள்ள எண்களைத்தான் சந்தேகிக்க வேண்டும்; டாஸ்பாக்ஸுக்குப் பொருந்துபவை இவை: முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1, உயர் டிஎம்ஏ (16 பிட் ஒலிக்கானது) 5. தானாகக் கண்டறியும் வசதியை நம்பி ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எண்களைக் கையாலேயே கொடுத்துவிடுவது நல்லது.

செட்டப்பின் அட்டைப் பட்டியலில் கண்ணைக் கவரும் பெயர் எதுவோ அதைத் தேர்வது இன்னொரு தவறு. ரோலண்ட் எம்டி-32 என்பது 1987-இல் வந்த, அன்று பலரால் வாங்க முடியாத விலை கொண்ட மின்னணு இசைக்கருவி. அதன் இசைக்கருவிகளின் வரிசை, எந்த எண்ணுக்கு எந்த இசைக்கருவி என்று 1991-இல் பொதுவாக வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி வரிசையோடு ஒத்துப்போகாது. விண்டோஸில் உள்ள மிடி இசைப்பான் ஜெனரல் மிடி வகை. அதற்கு எம்டி-32 இசையை அனுப்பினால், புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் வேறேதோ ஒலிக்கும். கேட்பவர் விளையாட்டே பழுது என்று முடிவு கட்டிவிடுவார். உண்மையிலேயே எம்டி-32-க்காக எழுதப்பட்ட இசை வேண்டுமென்றால் மன்ட் என்ற எமுலேட்டர் உண்டு. (அந்தக் கருவியின் 20 எழுத்துத் திரையில் சில விளையாட்டுகள் வாழ்த்துச் செய்தியும் காட்டின. இன்று அதைப் பார்ப்பவர் குறைவு.)

விண்டோஸ் 95 காலத்துக்கு வந்தால், இசை மட்டும் காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் குறுவட்டுதான். 1996-இல் வெளியான குவேக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் வட்டில் முதல் தடம் விளையாட்டின் தரவு, அதற்கடுத்த தடங்கள் சாதாரண இசைவட்டில் இருப்பதைப் போன்ற பாடல் தடங்கள். கோப்புகளை மட்டும் வன்தட்டுக்கு நகலெடுத்தாலோ, வட்டை ஐஎஸ்ஓ என்ற நகல் கோப்பாக மாற்றினாலோ, தரவுத் தடம் மட்டுமே வரும். இசை வட்டிலேயே தங்கிவிடும். இத்தகைய வட்டுகளை பின், கியூ என்ற இரட்டைக் கோப்புகளாகவே எடுக்க வேண்டும். கியூ என்பது வெறும் உரைக்கோப்பு. நோட்பேடில் திறந்தால் அதன் தொடக்கத்தில் பின் கோப்பின் பெயர் இருக்கும். அழகாக இருக்கட்டும் என்று பின் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு இந்த வரியை மாற்ற மறந்தால், வட்டே ஏறாது. விண்டோஸ் ஐஎஸ்ஓவைத் தானாக ஏற்றிக்கொள்ளும், கியூவை ஏற்றாது. கியூவுக்குத் தனி மென்பொருளோ, டாஸ் விளையாட்டு என்றால் டாஸ்பாக்ஸின் இம்ஜ்மவுண்ட் கட்டளையோ வேண்டும். கணினியில் இரண்டு வட்டு இயக்கிகள் இருந்தால் சில விளையாட்டுகள் முதல் இயக்கியில் மட்டுமே இசையைத் தேடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளின் விளையாட்டுகளில் கோளாறு வேறு மாதிரி. அவை விண்டோஸின் ஒலி வசதியான டைரக்ட்சவுண்ட் வழியாக ஒலி அட்டையின் வன்பொருளைப் பயன்படுத்தி எதிரொலி, திசையொலி முதலியவற்றை உருவாக்கின. 2007-இல் வந்த விஸ்டா அந்த வழியை எடுத்துவிட்டது. அதற்குப் பின்வந்த விண்டோஸ் எதிலும் அது திரும்பவில்லை. ஆகவே விளையாட்டின் அமைப்புகளில் ‘வன்பொருள் ஒலி’, ‘இஏஎக்ஸ்’ (எதிரொலி விளைவுகளுக்கான நுட்பம்) போன்றவற்றை இயக்கினால் பயன் இருக்காது, அல்லது இருக்கும் ஒலியும் போய்விடும். அவற்றை அணைத்தாலே பல விளையாட்டுகள் பேசத் தொடங்கும். எதிரொலியும் வேண்டும் என்பவர்கள் டிசோவல் போன்ற, டைரக்ட்சவுண்டின் வேலையை மென்பொருளாலேயே செய்துதரும் இடைப்பாலத்தைப் பயன்படுத்தலாம். அதன் டிசவுண்ட் டிஎல்எல் (நிரல்கள் பயன்படுத்தும் துணைக்கோப்பு) கோப்பை வைக்க வேண்டிய இடம் விளையாட்டின் இயக்கக் கோப்பு உள்ள கோப்புறைதான். அதை விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் போட்டு மூலக்கோப்பை மாற்றுவதும், ஊர்பேர் தெரியாத தளங்களிலிருந்து டிஎல்எல் இறக்குவதும் மற்ற மென்பொருள்களையும் சேர்த்துக் கெடுக்கும் வேலைகள்.

ஒலி வருகிறது, ஆனால் விட்டுவிட்டு வருகிறது என்றால் டாஸ்பாக்ஸின் சைக்கிள் எண்ணிக்கையை, அதாவது அது போலிசெய்யும் கணினியின் வேகத்தைப் பாருங்கள். வேகம் கூட்டினால் சரியாகும் என்று கூட்டிக்கொண்டே போவது வழக்கம். அளவு மீறிப் போனால் ஒலியைக் கலப்பதற்கே கணினிக்கு நேரம் மிஞ்சாது, விக்கல் இன்னும் மோசமாகும். கண்ட்ரோலுடன் எஃப்11-ஐ அழுத்திக் குறைத்தும், எஃப்12-ஐ அழுத்திக் கூட்டியும், படிப்படியாக இரண்டு பக்கமும் முயன்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, மிக எளிய ஒன்று. பழைய விளையாட்டுகளில் பல, தொடங்கும் நேரத்தில் இயல்பு ஒலிச்சாதனம் எதுவோ அதையே பிடித்துக்கொண்டு முடியும்வரை விடாது. எச்டிஎம்ஐ வழியாக இணைத்த, ஸ்பீக்கரே இல்லாத திரை இயல்புச் சாதனமாக இருந்தால், ஒலியெல்லாம் அங்கே போய்க்கொண்டிருக்கும். ஆட்டம் தொடங்கிய பிறகு ஹெட்போனைச் செருகுவதும் பலன் தராமல் போகலாம். வெளியேறி, சாதனத்தை மாற்றி, மறுபடி தொடங்க வேண்டும்.