முன்னோரைத் தேடுதல்: வாய்மொழியும் ஆவணமும்

முன்னோரைத் தேடப் புறப்படுவோரில் பலர், தம் குடும்பத்தோடு தொடர்புடையவராகச் சொல்லப்படும் புகழ்பெற்ற ஒருவரிடம் தொடங்கிக் கீழ்நோக்கி வர முயன்று, தொடர்பே இல்லாத வேறொரு கிளையில் போய் நிற்கிறார்கள். தம்மிடமிருந்தே தொடங்கி, ஒரு தலைமுறையை உறுதிசெய்த பிறகே அடுத்ததற்கு ஏறுவதுதான் முறை.

பதிவேட்டை அடுத்த ஆண்டும் பார்க்கலாம் என்பதால், மூத்தவர்களிடம் பேசுவதை முதலில் முடித்துவிட வேண்டும். "பழைய கதையைச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோருக்கும் தெரிந்ததே திரும்ப வரும். பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்து, ஓரத்தில் நிற்பவர் யார், இதில் இல்லாதவர் யார் என்று கேட்டால் மறந்துபோன பெயர்கள் வெளிவரும். திருமணமாகி வந்த பெண்களின் பிறந்த வீட்டு விவரங்களையும் தவறாமல் கேட்க வேண்டும். பெரும்பாலான வம்சாவளிகள் அறுந்துபோவது அங்கேதான்.

ஆவணத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்புவது பெரிய பிழை. இறப்புச் சான்றிதழில் இறந்த தேதி, அது நிகழ்ந்த சில நாட்களுக்குள் பதிவாவதால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் அதே தாளிலுள்ள பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் துக்கத்தில் இருந்த உறவினர் ஒருவர் நினைவிலிருந்து சொன்னவையாக இருக்கலாம், ஆகையால் அவையும் முத்திரை குத்தப்பட்ட வாய்மொழிதான். எந்தத் தகவலுக்கும், அதைச் சொன்னவர் யார், நிகழ்ந்து எத்தனை காலம் கழித்துச் சொன்னார் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெயர் மூன்று விதமாகவும் இருக்கும். தேதியும் ஏமாற்றும்: இங்கிலாந்தில் 1752க்கு முன் சட்டப்படி ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது என்பதால், அங்குள்ள பழைய பதிவேட்டில் 1720 பிப்ரவரி என்றிருப்பது இன்றைய கணக்கில் 1721 ஆகும்.

சில பதிவுகள் இப்போது இல்லவே இல்லை. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி, 1921இல் நேர்ந்த தீ விபத்தைத் தொடர்ந்து அழிந்துபோனது. அத்தகைய இடைவெளிகளில் நிலப் பத்திரம், உயில், கப்பல் பயணிகள் பட்டியல் ஆகியவை கைகொடுக்கும்.

திரட்டியவற்றை எண்ணிட்டு வைப்பது எளிது: தமக்கு 1, ஒருவருடைய எண்ணை இரட்டித்தால் அவர் தந்தையின் எண், அதனுடன் ஒன்றைக் கூட்டினால் தாயின் எண். பாட்டி சொன்ன ஆண்டும் பதிவேட்டு ஆண்டும் முரண்பட்டால் ஒன்றை அடித்துவிடாமல், இரண்டையும் சொன்னவர் பெயரோடும் கண்ட இடத்தோடும் அந்த எண்ணின் கீழேயே எழுதி வைக்க வேண்டும்.