அமெரிக்காவுக்குப் புதிதா? லைசென்ஸ் அலுவலகத்தில் வரும் ஓட்டுக் கேள்வி

சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் கம்பெனியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போதுதான் நிதானம் வேண்டும்.

அந்த விண்ணப்பத்திலேயே, வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா என்று கேட்பார்கள். குடியுரிமை வாங்காதவரை, கிரீன் கார்டு இருந்தாலும் சரி, 'இல்லை' என்றே சொல்லுங்கள். என் நண்பர் 'ஆம்' என்றார். ஊரில் சிம் கார்டு வாங்கக்கூட வாக்காளர் அட்டை உதவுமே, இங்கேயும் ஒன்று இருக்கட்டும் என்று நினைத்துவிட்டார். கவுன்ட்டரில் இருந்தவர் கிரீன் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்தான், ஆனாலும் தடுக்கவில்லை. 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்ற வரி திரையில் பொடி எழுத்தில் ஓடியது. அதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார், இவரும் போட்டார்.

ஒரு தேர்தலிலும் அவர் ஓட்டுப் போடவில்லை. ஆனால் குடியுரிமை விண்ணப்பத்தில், எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா என்று நேராகவே கேட்கிறார்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடிமகன் என்று பொய்யாகச் சொன்னால் நாடு கடத்தும் வரை போகலாம். வக்கீலுக்குக் கொட்டிக் கொடுத்தும் விவகாரம் முடியவில்லை. திரும்பி வரும்போது விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில், அம்மாவைப் பார்க்க ஊருக்கும் போகாமல் இருக்கிறார். நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

லைசென்ஸ் அலுவலகத்தில் ஓட்டுக்கு என்ன வேலை? 1870இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15ஆவது திருத்தம் கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை தந்தது. தென் மாநிலங்கள் அதைப் பதிவு அலுவலகத்திலேயே மடக்கின. மிசிசிப்பியின் 1890 அரசியல் சட்டப்படி, அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது படிக்கக் கேட்டு விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியா என்று தீர்மானிப்பவர் கவுன்ட்டரில் இருக்கும் வெள்ளைக்கார அதிகாரி. அதற்கு மேல் ஆண்டுக்கு 2 டாலர் தலைவரி வேறு. 1965இல் அலபாமாவின் செல்மா ஊரில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்கள் போலீஸிடம் அடி வாங்கிய பிறகுதான் வாக்குரிமைச் சட்டம் வந்தது. குடிமக்கள் பதிவுக்காக அலையக் கூடாது, அரசே கேட்கட்டும் என்று 1993இல் இன்னொரு சட்டம் போட்டு, லைசென்ஸ் விண்ணப்பத்தோடு அந்தக் கேள்வியைச் சேர்த்தார்கள். நம் ஊரில் டி.என். சேஷன் புகைப்பட அட்டை கொண்டுவந்ததும் அதே 1993இல்தான்.

அதனால் ஆபீஸ் சாப்பாட்டு மேசையில், ஓட்டுப் போட அடையாள அட்டை கட்டாயமாக வேண்டுமா என்ற பேச்சு வந்தால், "எங்கள் ஊரில் எல்லோரும் காட்டுகிறோமே" என்று முந்திக்கொள்ளாதீர்கள். அங்கே தேர்தல் ஆணையமே அட்டை தருகிறது, வீட்டுக்கு வந்து பெயர் சேர்க்கிறது. இங்கே எல்லோருக்கும் பொதுவான தேசிய அட்டை கிடையாது, தேர்தலையும் மாநிலமும் கவுன்ட்டியும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தான் நடத்துகின்றன. பாட்டியைப் பதிவு அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பிய கதை கேட்டு வளர்ந்தவருக்கு, இன்னொரு ஆவணம் என்றாலே அந்தக் கவுன்ட்டர்தான் நினைவுக்கு வரும். அட்டை வேண்டும் என்பவர்களின் கவலையையும் தள்ளிவிட முடியாது. பட்டியலில் வெளிநாட்டவர் இருக்கிறார்கள் என்கிறார்கள். என் நண்பர் பெயரும் அதில் இருந்ததே!

ஏற்கெனவே 'ஆம்' சொல்லி, தபாலில் வாக்காளர் அட்டையும் வந்துவிட்டதா? ஓட்டுப் போடவே போடாதீர்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே, பெயரை நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதும் முன்பே, குடிவரவு வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.